பரிசோதிக்காத ஈதர்

போன மாதம் என் பழைய மாணவி அஞ்சு போன் செய்தாள். என்னிடம் எம்.எஸ்ஸி. படித்தவள். நான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த கல்லூரியில் இப்போது அவள்தான் வேதியியல் துறைத் தலைவி. புது ஆய்வகம் கட்டி முடித்துவிட்டார்களாம்.

"டீச்சரே, ஓப்பனிங்குக்கு ஒரு மலர் போடறோம். பழைய லேபைப் பத்தி நீங்க ரெண்டு பக்கம் எழுதணும். நல்ல ஓர்மைகள் மட்டும் போதும். அந்த ஈதர் விஷயம் கண்டிப்பா வேணும் கேட்டோ. உங்களுக்கு 'ஈதர் டீச்சர்'னு பேர் வந்ததே, அது."

உண்மைதான், அந்தப் பெயர் எனக்கு இருந்தது. என் காலத்தில் எந்தப் பெண்ணும் நான் பரிசோதிக்காமல் ஒரு ஈதர் பாட்டிலைத் திறந்தது கிடையாது. காய்ச்சலோடு வந்து பரிசோதித்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறேன். மாணவிகள் சிரித்தார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் பாராட்டி எழுதினார்கள். ஏன் இப்படி என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அஞ்சு ஆங்கிலத்தில்தான் எழுதித் தரச் சொல்லியிருந்தாள். எழுத உட்கார்ந்தபோது எனக்குத் தமிழில்தான் வந்தது, வந்ததும் நல்ல நினைவு இல்லை. மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

நான் எம்.எஸ்ஸி. படித்தது இதே ஊரில் வேறொரு கல்லூரியில். எங்கள் வீடு வலியசாலையில், இந்த மலையாள ஊரில் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த அக்கிரகாரத்தில். அப்பா தாலுகா ஆபீசில் கிளார்க். பி.எஸ்ஸி. வரை நான் கரிம வேதியியலை மனப்பாடமாகத்தான் படித்திருந்தேன். இதோடு இதைச் சேர்த்தால் அது வரும்; நூற்றிருபது வினைகள், நூற்றிருபது பெயர்கள். அந்தப் பழக்கத்தை முதல் வாரத்திலேயே உடைத்தவர் வேங்கடராமன் சார்.

சார் ஸ்ரீவராகத்துக்காரர். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கரும்பலகையில் ஒரு வினையை எழுதுவார், சாக்பீஸை ஒருவரிடம் நீட்டுவார், பிறகு ஒரே கேள்விதான்.

"எலக்ட்ரான் எங்கேர்ந்து பொறப்படறது? எங்கே போய்ச் சேர்றது?"

வளைந்த அம்புக்குறி போட்டுக் காட்ட வேண்டும். அம்பு எலக்ட்ரான் இருக்கும் இடத்தில் தொடங்கி, அது குறைவாக இருக்கும் இடத்தில் முடிய வேண்டும். திருப்பிப் போட்டால் தப்பு என்று சொல்ல மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நாமே கண்டுபிடிக்கும் வரை வகுப்பு முழுவதும் அப்படியே நிற்கும். நான் ஒருமுறை ஆல்டால் வினையில் அம்பைத் திருப்பிப் போட்டுவிட்டு மணி அடிக்கும் வரை நின்றிருக்கிறேன்.

அந்த அவமானத்தில்தான் சுமாவும் நானும் சேர்ந்து படிக்க ஆரம்பித்தோம். சுமாவின் வீடு கரமனையில். மலையாளப் பெண், ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்து வந்தே தமிழ் பேசக் கற்றுக்கொண்டவள். சாயங்காலங்களில் பழைய காலண்டர் தாள்களைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் வினைகளை எழுதுவோம். ஒருத்தி கேட்பாள், மற்றவள் அம்பு போட வேண்டும். தப்பாகப் போட்டால் அதே வினையைப் பத்து தடவை போட வேண்டும். சுமா வேகக்காரி. பென்சிலை எடுத்தால் நிறுத்தாமல் போட்டுவிடுவாள், போட்டது சரியாகவும் இருக்கும். எனக்கு நேரமாகும். ஒருநாள் கானிசாரோ வினையை முடித்துவிட்டு, "இத்தனை தடிமன் புஸ்தகத்துல மொத்தமே ஏழெட்டு அசைவுதான் இருக்கு, கோமதி. அதையே திருப்பித் திருப்பிப் பண்றது" என்றாள். எனக்கும் அன்றைக்குத்தான் அது புலப்பட்டது. என் படிப்புக் காலத்தில் நான் உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்த நாள் என்று சொன்னால் அதுதான்.

ஆய்வகத்தில் சாரின் முறை வேறு. சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்பார். புறங்கையால் குடுவையைத் தொட்டுச் சூடு பார்ப்பார். "நிறம் மாறிடுத்து சார்" என்று நாம் சொன்னால், "பாத்தியா? இல்லே மாறியிருக்கும்னு நெனைச்சியா?" என்பார். பார்த்தது வேறு, நினைத்தது வேறு. குறிப்பேட்டில் நினைத்ததை எழுதினால் அந்தப் பக்கத்தையே கிழித்துவிடுவார்.

ஈதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கரிம வேதியியலில் அது இல்லாமல் பல வேலைகள் நடக்காது. சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஆபத்து இன்னொன்று உண்டு. பாட்டிலைத் திறந்து காற்றுப்பட நாள்கணக்கில் வைத்திருந்தால் உள்ளே பெராக்சைடு உண்டாகும். கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் மாறாது. அந்த ஈதரைக் காய்ச்சி வடிக்கும்போது ஈதர் ஆவியாகிப் போக, பெராக்சைடு மட்டும் அடியில் சேர்ந்துகொண்டே வரும். கடைசியில் வெடிக்கும். அதனால் பாட்டிலை எடுத்தவுடன் ஒரு சின்னப் பரிசோதனை. அமிலம் கலந்த பொட்டாசியம் அயோடைடு கரைசலில் கொஞ்சம் ஸ்டார்ச் சேர்த்து, அதில் இரண்டு மில்லி ஈதரை விட்டுக் குலுக்க வேண்டும். நீலம் வந்தால் பெராக்சைடு இருக்கிறது. வராவிட்டால் இல்லை. மொத்தம் பத்து நிமிட வேலை. முடிவைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் வகுப்பில் அந்தப் பொறுப்பு என்னுடையது. "நிதானமான பொண்ணு" என்று சார்தான் எனக்குக் கொடுத்தார்.

பொட்டாசியம் அயோடைடு விலை கூடியது என்பதால் சாரின் அலமாரியில் பூட்டி இருக்கும். சாவி அவர் சட்டைப்பையில்.

இரண்டாம் வருடம், கிரிக்னார்டு வினை. மெக்னீசியமும் புரோமோபென்சீனும் ஈதரில் சேர்ந்து ஒரு புதுச் சேர்மத்தை உண்டாக்கும். அதை எத்தில் பென்சோயேட்டோடு வினைபுரிய வைத்தால் கடைசியில் வெள்ளைப் படிகமாக டிரைபீனைல் மெத்தனால் வரும். வகுப்பில் யாருக்கும் அதுவரை சரியாக வந்ததில்லை. கொஞ்சம் ஈரம் இருந்தாலும் வினை தொடங்காது. எங்கள் குடுவையில் தொடங்கிவிட்டது. சுமா துள்ளினாள். வினை முடிந்தது, பனிக்கட்டியிலும் அமிலத்திலும் ஊற்றினோம். இனி விளைபொருளை ஈதரில் பிரித்தெடுக்க வேண்டும். புது ஈதர் அதற்குள் தீர்ந்துவிட்டது.

அட்டெண்டர் செல்லையா அண்ணன் ஸ்டோரில் தேடி ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சின்ன வயசில் வந்தவர். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் வீடு. மாணவிகள் எல்லோரையும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

"பாப்பா, இது பழைய குப்பி கேட்டோ. பின்னால கிடந்தது. நோக்கிட்டு எடுங்க."

"சரிண்ணே" என்றேன்.

சார் அப்போது மைதானத்துக்கு அந்தப் பக்கத்துக் கட்டிடத்தில் பி.எஸ்ஸி. வகுப்பில் இருந்தார். சாவி வேண்டுமென்றால் அங்கே போய், வகுப்பு முடியும் வரை வாசலில் நிற்க வேண்டும். அந்த மாதம் ஆறு பாட்டில்கள் பரிசோதித்திருந்தேன். ஆறிலும் நீலம் வரவில்லை. "வேகம் ஆகட்டே கோமதி, இன்னிக்கே முடிக்கணும்" என்று சுமா அவசரப்படுத்தினாள். அவள்மேல் பழி போட இதை எழுதவில்லை. பிரிபுனலைக் கழுவிக்கொண்டிருந்த அவளுக்கு, நான் சாவி வாங்கப் போகாமல் இருந்துவிட்டேன் என்று தெரியாது. நான் பதிவேட்டை எடுத்தேன். பாட்டில் எண் எழுதினேன். முடிவு: இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

இதில் எது எந்த நிமிடத்தில் நடந்தது என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லுவேன். பிரித்தெடுத்தோம், உலர்த்தினோம், வெந்நீர்த் தொட்டியில் வைத்து ஈதரை வடிக்க ஆரம்பித்தோம். நான் வடிதாள் எடுக்க மூலை அலமாரிக்குப் போனேன். குடுவையில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்திருக்கும்.

"கோமதீ, ஓடி வா! கிறிஸ்டல் வருண்ணு!"

அதைப் பார்க்க அவள் குனிந்திருந்தாள். அந்தக் காலத்தில் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி எல்லாம் எங்களுக்கு யாரும் கொடுத்ததில்லை. சத்தம் பெரிதாகக்கூட இல்லை, கதவை ஓங்கிச் சாத்தினால் கேட்குமே, அவ்வளவுதான். நான் திரும்பும்போது சுமா நின்றுகொண்டுதான் இருந்தாள். இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, தொடாமல். "லைட் யாரு அணைச்சது?" என்று கேட்டாள்.

செல்லையா அண்ணன்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் அலமாரிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

ஒரு கண்ணை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். இன்னொன்றை மூன்று வாரம் காப்பாற்றப் பார்த்தார்கள். நான் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட முகத்தோடு அவள், "ஈதர் நீ நோக்கினதுதானே?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். அதற்குப் பிறகு போகவில்லை.

விசாரணை முதல்வர் அறையில் நடந்தது. முதல்வர், வேங்கடராமன் சார், இன்னும் இரண்டு பேர். பதிவேடு மேசைமேல் திறந்திருந்தது. சார் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பாத்தியா?"

சாவி அன்றைக்கு நாள் முழுக்க அவர் சட்டைப்பையில் இருந்தது. அது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். அவர் கண் என் முகத்தில் இல்லை, பதிவேட்டில் இருந்தது.

"பார்த்தேன் சார். நீலம் வரலை."

"சரி, போ" என்றார்.

அடுத்து செல்லையா அண்ணனைக் கூப்பிட்டார்கள். திறந்த தேதியை எழுதிப் பாட்டிலில் லேபிள் ஒட்டுவது அவர் வேலை. பாட்டிலில் இருந்த லேபிள் ஊறி, எழுத்தெல்லாம் அழிந்து போயிருந்தது. தேதி எழுதியதாக அவர் சொன்னார். பழைய குப்பி, நோக்கிட்டு எடுங்க என்று பாப்பாவிடம் சொன்னதாகவும் சொன்னார். என்னை மறுபடி உள்ளே அழைத்தார்கள்.

"அட்டெண்டர் அப்படி ஏதாவது சொன்னாரா?" என்று முதல்வர் கேட்டார்.

செல்லையா அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஆமாம் என்று சொல்லிவிடுவேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அந்த முகம் அப்படித்தான் இருந்தது.

"எனக்கு ஞாபகம் இல்லை சார்" என்றேன்.

அன்று சாயங்காலம் சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன்பு அவர் வந்ததே இல்லை. அப்பாவிடம், "கொழந்தை பயந்து போயிருக்கா. பத்து நாள் காலேஜுக்கு அனுப்பவேண்டாம். மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். அம்மா காப்பி கொண்டுவந்தாள். குடித்துவிட்டுப் போனார். அவர் என்னைக் காப்பாற்றினாரா, துறையைக் காப்பாற்றினாரா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். எங்கள் மாதிரித் தெருவில் பிறக்காமல், செல்லையா அண்ணனின் தெருவில் நான் பிறந்திருந்தால் அவர் வீடு தேடி வந்திருப்பாரா? வந்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

பத்து நாள் கழித்து நான் போனபோது செல்லையா அண்ணன் இல்லை. முதலில் சஸ்பெண்ட், பிறகு வடகோடியில் காசர்கோடு பக்கம் ஒரு கல்லூரிக்கு மாற்றல். சார் அதற்குப் பிறகு வகுப்பில் என்னிடம் சாக்பீஸை நீட்டவே இல்லை. வாய்மொழித் தேர்வில் ஒரு கேள்வியும் கேட்காமல் முழு மதிப்பெண் போட்டார். தங்கப் பதக்கம் எனக்குத்தான் வந்தது. சுமா தொடர்ந்து படித்திருந்தால் அவளுக்குப் போயிருக்கும்.

பிறகு வேலை, கல்யாணம், மகன். முப்பத்தொரு வருடமும் கிரிக்னார்டு வினையை நானே நடத்தினேன். வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அயோடைடு பாட்டிலைப் பூட்டாத இடத்தில் வைத்தேன். "பாத்தியா?" என்று மட்டும் எந்த மாணவியிடமும் கேட்டதில்லை. அந்த வார்த்தை என் வாயில் வராது.

சுமா இதே ஊரில்தான் இருந்தாள். பிரெய்ல் படித்து ஒரு அரசு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன். ஒருமுறை கிழக்கே கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி, கையில் வெள்ளைக் கோல். எனக்கு நாலடி தள்ளித்தான் நின்றாள். நான் அசையவில்லை. என் செருப்புச் சத்தத்தை, என் கையிலிருந்த பிளாஸ்டிக் பையின் சத்தத்தை அவள் அடையாளம் கண்டுபிடித்துவிடுவாளோ என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். அவள் பஸ் ஏறிப் போனபின்தான் நகர்ந்தேன். அப்போது நான் பேராசிரியை. பாதுகாப்பு பற்றி மற்றக் கல்லூரிகளுக்குப் போய் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

அஞ்சுவின் போனுக்குப் பிறகு இரண்டு வாரம் ஒன்றும் எழுத முடியவில்லை. பிறகு ஒருநாள் காலையில் ஆட்டோ பிடித்துக் கரமனைக்குப் போனேன். சுமா தன் தம்பி வீட்டில் இருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் பெயர் சொன்னதும், "கோமதியா? இரி" என்று நாற்காலி இருந்த பக்கம் கை காட்டினாள். தம்பி மனைவி வந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். "அன்னிக்கு நான் சாவி வாங்கப் போகலை, சுமா. டெஸ்ட் பண்ணலை. பண்ணினதா எழுதினேன். செல்லையா அண்ணன் பழைய குப்பின்னு சொன்னார். ஞாபகம் இல்லைன்னு சொல்லிட்டேன்."

அவள் கேட்டது என்னைப் பற்றியே இல்லை.

"செல்லையா அண்ணன் எவிடெ இப்போ?"

"செத்துப் போயிட்டார். பத்து வருஷம் ஆச்சாம்."

சுமாவின் கை புடவை நுனியைத் தேடிப் பிடித்தது. "அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார், தெரியுமா உனக்கு? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். என் கட்டில் பக்கத்துல நின்னு அழுது கரைவார். 'என் கையாலதான் பாப்பா அந்தக் குப்பியைக் கொண்டுவந்தேன், மாப்பு தா'ன்னு சொல்வார். எல்லாரும் அவர்தான் காரணம்னு பறஞ்சாங்க. நானும் நம்பினேன். நாலாவது தடவை வந்தப்போ, இனி இவரை உள்ளே விடாதீங்கன்னு அம்மாகிட்டச் சொன்னேன். அவர் கேக்கவே சொன்னேன்."

"சுமா..."

"கண்ணு போனது ஆக்சிடென்ட். நீ பொய் எழுதாட்டியும் வேற யாராவது மறந்திருப்பாங்கன்னு நான் வச்சுக்கலாம். அந்த மனுஷனை என் வாயால விரட்டினேனே. அதை யாரு செய்ய வச்சது?"

மன்னிப்பு என்ற வார்த்தையைத் தொண்டை வரை கொண்டுவந்திருந்தேன். அதை வெளியே எடுக்கக் கூச்சமாக இருந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"அவங்க வீட்டுல போய்ச் சொல்லு. அப்புறம் இங்கே வராதே."

செல்லையா அண்ணனின் வீடு இன்றும் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் அதே சந்தில்தான் இருக்கிறது. முன்னறையில் தையல் மெஷின், சுவரில் வரிசையாகத் தொங்கும் ஜாக்கெட்டுகள். மெஷினில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய மகள், செல்வி. அளவு கொடுக்க வந்தவள் என்று நினைத்து டேப்பை எடுத்தாள். நான் யார் என்று சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன்.

கேட்டுக்கொண்டே அவள் டேப்பைச் சுருட்டினாள். சுருட்டி முடித்து, பிரித்து, மறுபடி சுருட்டினாள்.

"அப்பா அங்க வடக்கே பதினொரு வருஷம் தனியாக் கிடந்தாரு. ஓணத்துக்கும் தீபாவளிக்கும்தான் வருவாரு. 'நான் தேதி எழுதினேன், சொல்லவும் செஞ்சேன்'னு சாகிற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு. தூக்கத்துலகூட சொல்லுவாரு. நாங்க யாரும் நம்பலை டீச்சர். ஒரு பொண்ணோட கண்ணைக் கெடுத்துட்டு வந்தவன்னு அம்மாவே கோபத்துல சொல்லியிருக்காங்க."

"அம்மா இருக்காங்களா?"

"உள்ளே இருக்காங்க. நடக்க வய்யா, கால் சரியில்லை. காது நல்லாக் கேக்கும்." ஒரு நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, பேனாவோடு என் முன்னால் வைத்தாள். "எழுதித் தாங்க. நீங்க சொன்னா மறந்துடுவாங்க. எழுத்துல வேணும்."

வெட்டுமேசையில் துணிகளை ஒதுக்கிவிட்டு எழுதினேன். அன்றைய தினம் ஈதரை நான் பரிசோதிக்கவில்லை. பரிசோதித்ததாகப் பொய் எழுதினேன். எச்சரித்ததை மறைத்தேன். அட்டெண்டர் செல்லையாவின்மேல் எந்தத் தவறும் இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

செல்வி வாசித்தாள். தாளை என்னிடமே திருப்பி நீட்டினாள்.

"அப்பா பேரு செல்லையா இல்லை. செல்லத்துரை. சு. செல்லத்துரை. காலேஜ்ல எல்லாரும் அப்படிக் கூப்பிட்டாங்க, அப்பா திருத்தலை."

நாற்பது வருடத்துக்கு மேலாக நான் சுமந்த பெயர் அவருடைய பெயரே இல்லை. இன்னொரு தாள் வாங்கி முதலிலிருந்து எழுதினேன். சு. செல்லத்துரை என்று எழுதும்போது செல்வி ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துக்கொண்டு நின்றாள். எழுதி முடித்ததும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். என்னை வரச் சொல்லவில்லை. நான் ஜாக்கெட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். அவள் நிறுத்தி நிறுத்தி, சத்தமாக வாசிப்பது கேட்டது.

முடித்ததும் அந்த அம்மாவின் குரல் கேட்டது.

"இன்னொருக்கா வாசி."

செல்வி மறுபடி வாசித்தாள்.

"இன்னொருக்கா."

மூன்றாவது தடவை வாசிக்க ஆரம்பித்தபோது நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.